டிக்கோயாவில் பழைய வீடு, கையில் மூன்று லட்சம்: எதிலிருந்து தொடங்குவது?

டிக்கோயா_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். தாத்தா தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றபோது வாங்கிய வீடு இது, மலையகத்தில் ஹட்டன் பக்கம். முன்பக்கச் சுவர் செங்கல், பின்பக்கம் கருங்கல், இரண்டுக்குமே சுண்ணாம்புச் சாந்துதான். கூரை தகரம். குசினி பிற்காலத்தில் சேர்த்தது, அதற்கு மட்டும் அஸ்பெஸ்டாஸ் சீட். முன் அறையில் சிவப்புச் சீமெந்துத் தரை, அங்கங்கே வெடித்திருக்கிறது.

அம்மா இப்போது கொழும்பில் தங்கையோடு இருக்கிறார். சித்திரை வருஷத்துக்கு முன் வீட்டைச் சரிசெய்து அம்மாவை இங்கே கூட்டி வர வேண்டும். பெரிய தலைவலி பின் அறை. இடுப்பு உயரத்துக்கு மேல் பெயின்ட் கொப்பளித்து உரிகிறது, சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது, அலமாரியில் வைத்த சேலையெல்லாம் பூஞ்சணம். சில வருடங்களுக்கு முன் மாமா கீழே நாலடிக்குச் சீமெந்து பூசி, அதன் மேல் நீர் புகாத பெயின்டும் அடித்தார். ஒரு மழைக்காலம் தாங்கியது, அவ்வளவுதான்.

என் திட்டம்: பின் அறைச் சுவருக்கு நாலடிக்கு டைல்ஸ், முன் அறைக்கு பிவிசி சீலிங், வீடு முழுக்கப் புதுப் பெயின்ட். ஹார்ட்வெயார் கடையில் கணக்குப் போட்டுப் பார்த்தால் மூன்று லட்சமும் அதிலேயே போய்விடுகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லாமே எட்டாத விலையாகிவிட்டது. எதை விடலாம், எதை விடக்கூடாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

நானுஓயா67:

டைல்ஸ் போடுங்கள் தம்பி. நாங்களும் அப்படித்தான் செய்தோம். ஈரம் வெளியே தெரியாது, துடைப்பதும் சுலபம். சீலிங்கை வேண்டுமானால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

மேசன்மகன்:

டைல்ஸ் வாங்கிவிடாதீர்கள். முதலில் நாலு விஷயம் சொல்லுங்கள். வீட்டுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா? அந்தப் பக்கம் வெளி நிலம் உங்கள் தரையை விட உயரமா? கூரைத் தண்ணீரைப் பிடிக்கப் பீலி இருக்கிறதா? சுவரோரக் கானில் மழை நேரத்தில் தண்ணீர் ஓடுகிறதா, இல்லை தேங்கி நிற்கிறதா?

டிக்கோயா_வீடு:

மேடு இருக்கிறது அண்ணா, ஆளுயரத்துக்கு மேல். மேட்டிலிருந்து மண் சரிந்து சரிந்து, பின்சுவரில் ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழே வரை சேர்ந்துவிட்டது. அதில் அம்மா நட்ட லில்லிச் செடிகள் நிற்கின்றன. பீலி இருந்தது, துருப்பிடித்து விழுந்த பிறகு யாரும் போடவில்லை. கான் இருந்த இடமே தெரியவில்லை.

மேசன்மகன்:

சரி, உங்கள் வியாதி சுவரில் இல்லை, சுவருக்கு வெளியே இருக்கிறது. கூரைத் தண்ணீர் முழுவதும் அந்த மண்ணில் விழுகிறது, மண் அதைப் பிடித்து வைத்துச் சுவருக்குக் கொடுக்கிறது. ஹட்டன் பக்கத்து மழைக்கு இது போதும்.

பழைய கருங்கல், சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விடும். அந்தக் காலத்து ஆட்கள் தெரிந்துதான் அப்படிக் கட்டினார்கள். அதன் மேல் சீமெந்து பூசினால் வெளியே விடும் வழி அடைபடுகிறது. ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் உள்ளே சட்டை நனைகிறதே, அதே சங்கதி. உங்கள் மாமா பூசியது நாலடி. ஈரம் அந்த நாலடிக்குள் வெளியேற முடியாமல் மேலே ஏறி, சீமெந்து முடிகிற இடத்தில் வெளியே வருகிறது. அதனால்தான் இடுப்புக்கு மேலே உரிகிறது. டைல்ஸ் போட்டால் இன்னும் மேலே ஏறும். அப்புறம் கூரை மரத்தின் நுனியைத் தொடும். சுவரில் உட்கார்ந்திருக்கும் வளையும் கைமரமும் உளுத்துப்போனால் உங்கள் மூன்று லட்சம் எந்த மூலைக்கும் காணாது.

எங்கள் அப்பா கொட்டகலைப் பக்கம் இந்த மாதிரி வீடுகளில்தான் காலம் முழுவதும் வேலை செய்தார். வீட்டுக்காரர் பெயின்ட் டின்னோடு வந்து நின்றால், முதலில் மண்வெட்டி கொண்டு வரச் சொல்வார். உங்களுக்கும் அந்த வரிசைதான். கூரை, பீலி, கான், மண். அதற்குப் பிறகு சுவர். அலங்காரம் கடைசியில். முதல் நாலுக்கும் பொருள் செலவு குறைவு, கூலிதான் அதிகம், அதிலும் பாதியை நீங்களே செய்யலாம்.

பண்டாரவளை_அக்கா:

மேசன்மகன் தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பின் அறையில் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரம் சுவர் வழியாக வருகிறதா, அறைக்குள் இருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறதா என்று. கையளவு பொலித்தீன் துண்டை எடுத்துச் சுவரில் வைத்து நாலு ஓரத்தையும் டேப்பால் இறுக ஒட்டி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். அறையைப் பார்த்த மேல் பக்கம் வேர்த்தால் அறையின் ஈரம், சுவரைப் பார்த்த அடிப் பக்கம் நனைந்தால் சுவரின் ஈரம்.

எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தது. குளிருக்குப் பயந்து ஜன்னல் மேலே இருந்த காற்றுத் துளைகளை எல்லாம் அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். விறகடுப்பு இருந்த காலத்தில் அந்தச் சூடும் புகையும் கூரை வரை போய் மரத்தைக் காயவைத்தது. கேஸ் அடுப்பு வந்த பிறகு அந்தச் சூடு இல்லை, ஆனால் சோறு வேகிற ஆவி மட்டும் இருக்கிறது. துளைகளைத் திறந்து வலை அடித்தோம். அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். பூஞ்சண மணம் பாதிக்கு மேல் போய்விட்டது, இதற்குச் செலவே கிடையாது.

அப்புறம் காலம். உங்களுக்கு ஹட்டன் பக்கம் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல வெயில். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் சுவர் வேலை எதுவும் காயாது. எங்களுக்கு நேர்மாறு, வடகிழக்கு மழை டிசம்பர், ஜனவரியில் கொட்டும், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை காற்றும் வெயிலும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் இதைப் படிப்பவர்கள் மாதத்தை மாற்றிக் கணக்கெடுங்கள்.

டிக்கோயா_வீடு:

ஒட்டிப் பார்த்தேன் அக்கா. பின்சுவரில் துண்டின் அடிப் பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பக்கச் சுவரில் மேல் பக்கம் மட்டும் இலேசாக வேர்வை. அப்போ மண்ணைத்தான் எடுக்க வேண்டும். நாளைக்கே ஆள் பிடித்து மேட்டையும் சேர்த்துக் கொஞ்சம் உள்ளே வெட்டி, நடக்கிற அளவுக்கு இடம் எடுத்துவிடட்டுமா?

சாமிமலை_டீச்சர்:

தயவுசெய்து மேட்டை வெட்டாதீர்கள். சரிந்து வந்து சேர்ந்த மண்ணை எடுப்பது வேறு, மேட்டின் அடியை வெட்டுவது வேறு. அடியை வெட்டினால் மேலே இருப்பது எதன் மேல் நிற்கும்? 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகள் லயம் லயமாக மண்ணுக்குள் போயின. மலையில் இருக்கிற நாம் அதை மறக்கலாமா?

கிராம சேவகரிடம் சொல்லி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள். மண்சரிவு ஆபத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை. அதற்கு முன் நீங்களே மேலே ஏறிப் பாருங்கள். நிலத்தில் நீளமான வெடிப்பு, சாய்ந்த மரம், முன்பு இல்லாத ஊற்று, ஊற்றில் கலங்கல் தண்ணீர், காரணமில்லாமல் இறுகிப்போன கதவு ஜன்னல்... இதில் ஒன்று இருந்தாலும் வீடு திருத்துகிற பேச்சை நிறுத்திவிட்டு அவர்கள் வரும்வரை பொறுங்கள். அம்மா வந்து தங்கப்போகிற வீடு.

மேசன்மகன்:

டீச்சர் சொன்னதற்கு மேல் ஒரு சொல் இல்லை. மேட்டைத் தொடாதீர்கள். சுவரோடு ஒட்டிக் கிடக்கும் தளர்ந்த மண்ணை மட்டும், வெயில் நாளில், கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். உள்ளே இருக்கும் தரை மட்டத்துக்கு ஒரு சாணாவது கீழே போக வேண்டும். சுவரின் அடிக்கல் தெரிந்தால் நிறுத்துங்கள், அதற்குக் கீழே தோண்டக்கூடாது. பிறகு சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கான். வாட்டம் வீட்டை விட்டு வெளியே போகிற மாதிரி இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை மேல் முனையில் ஊற்றிப் பார்த்தால் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய ஒருவரைக் கூப்பிடுங்கள். வாட்டம் பிடிப்பதில் அவர்கள் கண்ணுக்கு ஈடு இல்லை.

மேலே மேட்டுத் தலையிலும் ஒரு சிறு கான் இருந்தால், மலைத் தண்ணீர் மேட்டுக்குள் இறங்காமல் பக்கவாட்டில் போகும். ஆனால் அதை எங்கே வெட்டுவது என்பதை வந்து பார்க்கிற அதிகாரியிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நானுஓயா67:

எங்கள் வீட்டில் டைல்ஸுக்கு மேலே இப்போதுதான் உற்றுப் பார்த்தேன். மஞ்சள் கோடு ஒன்று ஓடுகிறது. எங்களுக்கும் பின்னால் மண்தான். இந்த இழையை விடாமல் படிக்கிறேன்.

கூரைக்கு என்ன செய்வது? எங்கள் தகரம் நிறைய இடத்தில் ஒழுகுகிறது. முழுவதும் மாற்ற வேண்டுமா?

மேசன்மகன்:

பெரும்பாலும் வேண்டாம் ஐயா. பழைய தகரம் இப்போது கடையில் வருகிறதை விடக் கனம். ஒழுகுவது அநேகமாக ஆணித் துளையில்தான். முதலில் உள்ளே நின்று, வெளிச்சம் தெரிகிற இடத்தையெல்லாம் சோக்கால் அடையாளம் போடுங்கள். ஆணி தகரத்தின் மேட்டில் அடித்திருக்க வேண்டும், பள்ளத்தில் அடித்திருந்தால் அது ஒழுகத்தான் செய்யும், தண்ணீர் ஓடுகிற பாதையே அதுதான். தளர்ந்த ஆணியைக் கழற்றி, ரப்பர் வாஷர் உள்ள திருகாணி போடுங்கள். பள்ளத்துத் துளைக்குத் தார்ப் பட்டி ஒட்டலாம். துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு ஒன்று, அதன் மேல் கூரைப் பெயின்ட். விரலால் அழுத்தினால் பொத்துப்போகிற தகரத்தை மட்டும் மாற்றினால் போதும். மேலே ஏறுபவர் ஆணி வரிசையிலேயே கால் வைக்க வேண்டும், அதற்குக் கீழேதான் மரம் ஓடுகிறது. ஈரக் கூரையில் யாரையும் ஏற்றாதீர்கள்.

பண்டாரவளை_அக்கா:

வயர் பிரஷ் என்றதும் சொல்லிவிடுகிறேன். அது தகரத்துக்கு மட்டும். குசினிக்கு மேலே இருக்கிற அஸ்பெஸ்டாஸ் சீட்டைத் தேய்க்கவோ, துளைக்கவோ, உடைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் போட்டு, முழுச் சீட்டாகக் கழற்றுங்கள். உடைந்த துண்டைப் பாதைக்குப் போடுவதையும் கோழிக்கூட்டுக்கு அடிப்பதையும் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது.

2018 ஜனவரியிலிருந்து இந்த அஸ்பெஸ்டாஸ் இறக்குமதிக்குத் தடை போடுவதாக இருந்தார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா, நம் தேயிலைப் பொதியில் வண்டு கண்டோம் என்று தேயிலையை நிறுத்தியது. அந்த அஸ்பெஸ்டாஸும் பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து வந்ததுதான். தடை தள்ளிப் போடப்பட்டது, தேயிலை மறுபடி போனது. கொழுந்து பறிக்கிற வீட்டுக் கூரைக்கும் கொழுந்துக்கும் இப்படி ஒரு முடிச்சு.

கரண்ட்_தம்பி:

நான் வயரிங் வேலை செய்பவன். சுவரைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், அந்த ஈரச் சுவரில் சுவிட்ச் இருக்கிறதா? பழைய வீடுகளில் மரப் பட்டிக்குள் ரப்பர் உறை போட்ட வயர் ஓடும். ரப்பர் காய்ந்து உதிர்ந்திருக்கும், அப்படியே விட்டுப் பெயின்ட் மட்டும் அடித்துவிடுவார்கள். மின்னொழுக்கில் பற்றிய தீ ஒரு லயக் காம்பராவில் தொடங்கி, ஒரே கூரை என்பதால் வரிசை முழுவதையும் எரித்த செய்தி நமக்குப் புதிதல்ல.

பட்ஜெட்டில் இதை மட்டும் வெட்டாதீர்கள். மின்சாரம் ஒழுகினால் தானே விழுகிற 30 மில்லிஅம்பியர் டிரிப் சுவிட்ச் ஒன்று, சரியான எர்த், ஈரச் சுவரில் இருக்கும் பொயின்ட்டை உள்சுவருக்கு மாற்றுவது. டிரிப் சுவிட்ச்சில் சோதனைப் பட்டன் இருக்கும், அதை இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம்.

லயத்துப்பிள்ளை:

நான் மஸ்கெலியாப் பக்கம், இன்னும் லயத்தில்தான் இருக்கிறோம். நீங்கள் பேசுவதெல்லாம் சொந்த வீட்டுக்காரருக்கு. எங்கள் காம்பராவில் ஒரு ஜன்னல் வைப்பதற்கும் தோட்ட நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். லயத்துக் குடும்பங்களுக்குச் சொந்தமாக ஏழு பேர்ச் காணி என்று பேச்சு வந்து எவ்வளவோ காலம். எங்களுக்குச் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

சாமிமலை_டீச்சர்:

இருக்கிறது தம்பி. நானும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். சுவரில் பத்திரிகைத் தாள் ஒட்டி, அதில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். கான் துப்புரவாக்க யாரும் தடை சொல்ல மாட்டார்கள். வரிசையில் இருக்கிற எல்லா வீட்டாரும் சேர்ந்து பின்கானை ஒரே நாளில் எடுத்தால்தான் பலன், ஒரு வீட்டார் மட்டும் எடுத்தால் பக்கத்து வீட்டில் தேங்கும். சுண்ணாம்பு அடிக்கலாம். சுவரில் தாள் ஒட்டுவதை நிறுத்துங்கள், அதன் பின்னால்தான் பூஞ்சணம் ஒளிந்துகொள்ளும். கூரைத் தகரம், கதவு, மின்சாரம் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். தகரத்துக்கு எங்கள் தலைமுறை வாயால் மட்டும் கேட்டது, அதனால்தான் ஒன்றும் பதிவாகவில்லை.

மேசன்மகன்:

சுண்ணாம்பு என்றதால் முழுமையாகச் சொல்கிறேன், இரண்டு பேருக்கும் உதவும்.

டிக்கோயாத் தம்பி, மாமா பூசிய சீமெந்தைக் கொத்தி எடுக்க வேண்டும். சின்ன உளி, சின்னச் சுத்தியல். பெரிய சுத்தியலால் அடித்தால் உள்ளே இருக்கும் கல் ஆடிவிடும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள், கழுவினால் திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். கல் இடுக்குகளுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல். சீமெந்து ஒரு கைப்பிடியும் வேண்டாம்.

சுவர் முழுதாகக் காய்வதற்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று கணக்கு. ஒன்றரை அடிக் கருங்கல் சுவர் சித்திரைக்குள் காயாது. அதற்காக அம்மாவைக் காக்க வைக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பு வெள்ளையடித்தால், அதன் வழியாகவே ஈரம் வெளியேறிக்கொண்டிருக்கும்.

கடையில் வரும் சுண்ணாம்புத் தூளைத் தண்ணீரில் போட்டுக் கெட்டியாகக் கரைத்து ஒரு நாள் ஊற விடுங்கள். மறுநாள் துணியில் வடித்து, பால் பதத்துக்குத் தண்ணீர் சேருங்கள். தடிப்பாக அடிக்கிற ஆசை வரும், வேண்டாம், தடித்தால் பொருக்காக உதிரும். சுவரை இலேசாக நனைத்துவிட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. ஈரமாக இருக்கும்போது ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும், காயக் காய வெள்ளை எழும். அதைப் பார்த்துப் பயந்து மேலே மேலே அடிக்காதீர்கள். நாளுக்கு ஒன்றாக நாலைந்து பூச்சு. பழைய பெயின்ட் இருக்கிற இடத்தில் பிடிக்காது, சுரண்டிவிட்டுத்தான். சிலர் கஞ்சி கலப்பார்கள், ஈர அறையில் அதில் பூஞ்சணம் வளரும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

முக்கியமான ஒன்று. தோட்டத்தில் செடி கத்தரிக்கிற கவ்வாத்து முடிந்து தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் தூள் மலிவாகக் கிடைக்கிறது என்று அதைக் கரைத்து அடிக்காதீர்கள். அது சூளையில் வேகாத கல்லின் தூள். சுவரில் இறுகாது, தொட்டால் கையோடு வரும்.

டிக்கோயா_வீடு:

மார்ச் கடைசி. நிலவரம் சொல்ல வந்தேன்.

அதிகாரி வந்து பார்த்தார். மேடு இப்போதைக்கு அசையவில்லை, அடியில் வெட்ட வேண்டாம் என்றார். மேட்டுத் தலையில் கான் வெட்ட இடம் காட்டிக் கொடுத்தார். சுவரோர மண்ணை எடுத்தபோது பின்சுவரின் கீழ் வரிசைக் கற்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றும் பொளிந்து, இடுக்கில் சின்னக் கல் வைத்து அடைத்தது. இதையா இத்தனை காலம் மண்ணுக்குள் வைத்திருந்தோம் என்று வருத்தமாக இருந்தது. லில்லிக் கிழங்குகளை முன்பக்கத்துக்கு மாற்றியாயிற்று. பீலி போட்டாயிற்று, பழுதான தகரம் மட்டும் மாற்றினோம், வயரிங் முடிந்தது. இதற்கே இரண்டு லட்சத்துக்கு மேல் போய்விட்டது.

மிச்சத்தில் முன் அறை. பிவிசி சீலிங்கை விட்டுவிட்டேன். மேலே இருந்த பழைய பலகையைக் கழுவியதும் நல்ல சவுக்குப் பலகை என்று தெரிந்தது, உடைந்த இடத்துக்குப் புதிதாக நாலைந்து வாங்கி அடித்தோம். சுவருக்குச் சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்தேன். வெயில் இறங்குகிற நேரத்தில் அறை முழுவதும் ஒரு வெதுவெதுப்பான நிறம். தரை வெடிப்புக்குச் சிவப்பு ஒக்சைட் கலந்த சீமெந்து அடைத்து, பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்தோம். அடைத்த இடம் தெரிகிறதுதான், எனக்குப் பிடித்திருக்கிறது. தாத்தாவின் தேயிலைப் பெட்டிகள் இரண்டு, ஓரத்தில் தகரப் பட்டி அடித்த பழைய பெட்டிகள், ஜன்னலடியில் புத்தக அடுக்காக நிற்கின்றன. பிடுங்கிப் போட்ட தேயிலை மரத்தின் வேர்க்கட்டை ஒன்று கிடைத்தது, அதன் மேல் கண்ணாடி வைத்தால் டீப்போய். கண்ணாடிக்கு மட்டும்தான் காசு.

ஒரு கேள்வி மிச்சம். காவி கலந்த சுவரில் ஒரு இடம் மட்டும் திட்டுத் திட்டாக வெளிறி நிற்கிறது. ஏன்?

மேசன்மகன்:

கல்லை எல்லாம் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, அப்பாவிடம் காட்ட வேண்டும்.

திட்டுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். வாளியில் காவி அடியில் தங்கியிருக்கும், ஒவ்வொரு முறை பிரஷ் தோய்க்கும்போதும் அடிவரை கிளற வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வெயில் பட்டுச் சீக்கிரம் காய்ந்திருக்கும். சாயங்காலத்தில் நனைத்து, இன்னொரு மெல்லிய பூச்சு கொடுங்கள். காவி, சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, தாண்டினால் உடுப்பில் ஒட்டும். மே பிறப்பதற்கு முன் பீலியில் இலை அள்ளிவிடுங்கள்.

லயத்துப்பிள்ளை:

எங்கள் வரிசையிலும் பின்கான் எடுத்துவிட்டோம், பன்னிரண்டு வீட்டாரும் வந்தார்கள். தகரத்துக்கு எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன் டீச்சர். வருகிற ஞாயிறு சுண்ணாம்பு. ஒரு மூடைத் தூள் ஒரு காம்பராவுக்கும் குசினிக்கும் காணுமா?

மேசன்மகன்:

தாராளமாகக் காணும், பக்கத்து வீட்டுக்கும் மிஞ்சும். மூடையைத் திறந்தால் காற்றுப் படாமல் கட்டி வையுங்கள். மிச்சத்தைக் கரைத்து மூடி போட்ட வாளியில், மேலே ஒரு விரல் தண்ணீர் நிற்கிற மாதிரி வைத்தால் அடுத்த வருடத்துக்கும் கெடாது.